தண்ணீர்க் குழாய்க்கு மேற்கே

நுழைவாயிலில் ஆளில்லை.
ஓர் இரும்புப் பெட்டி, ஒரு கட்டு உறை,
கயிற்றில் கட்டிய குட்டைப் பென்சில்.
பெயர், வண்டி எண், எத்தனை இரவு.
இரண்டு என்று எழுதினேன்.
வெர்லா பென்சிலை வாங்கி
அந்த இரண்டின் மேலேயே மறுபடி அழுத்தி எழுதினாள்,
யாரோ ரப்பரோடு வந்து
ஒன்றாக்கிவிடுவார்கள் என்பதுபோல.

அவளுடைய வேலை தொலைபேசியில்.
எங்கள் கவுண்டியில் யாருக்கு என்ன ஆபத்து என்றாலும்
முதலில் கேட்கும் குரல் அவளுடையது.
முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்:
எங்கே இருக்கிறீர்கள்?
பதினொரு வருஷமாக
கதைகளின் முன்பாதியை மட்டும் கேட்டு
மிச்சத்தை ஆம்புலன்ஸ் கையில் கொடுத்துவிட்டு
வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவுகிறாள்.

நான் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறேன்.
கோடையில் சாலைப் பள்ளம் அடைப்பேன்.
என் வேலை கனவில் வராது.

ஹெம்லாக் மரங்கள்
வெயிலைச் சலித்துச் சலித்துத்தான் கீழே விடுகின்றன.
சுத்தியலை மறந்துவிட்டோம்.
கல்லால் முளையடித்ததில்
நான்காவது அடி என் கட்டைவிரலில்.
நான் போட்ட சத்தத்துக்கு
பதினாறாம் எண் இடத்திலிருந்து
டூவா என்ற ஹ்மாங் பெண்
ரப்பர் சுத்தியலோடு வந்தாள், சிரிப்பை அடக்கியபடி.
அதைத் திருப்பிக் கொடுக்கப் போன வெர்லா
ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பினாள்.
கையில் வெள்ளித்தாள் பொட்டலம்:
ஒட்டரிசிச் சோறு, சுட்ட பன்றியிறைச்சி,
கண்ணில் நீர் வரவழைக்கும் ஒரு மிளகாய்த் துவையல்.
அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று
அங்கே யாரும் கேட்கவில்லையாம்.
அதை இரண்டு தடவை சொன்னாள்.

செல்போனை மரத்துக்கு மரம் தூக்கிக் காட்டினாள்.
சிக்னல் இல்லை.
ஐஸ் பெட்டியில்
வெண்ணெய்க்கும் முட்டைக்கும் நடுவே வைத்து
மூடினாள்.

மதியம் முழுக்க ஒன்றும் நடக்கவில்லை.
எழுதும்படியாக ஒன்றும்.
ஏரி கொஞ்சம் கறுத்தது, பிறகு வெளுத்தது.
மரங்கொத்தி ஒன்று தட்டத் தொடங்கியபோது மட்டும்
ஊஞ்சல் வலையில் கிடந்தவளின் கை
தானாகக் காதுக்குப் போயிற்று,
அங்கே ஒன்றும் மாட்டியில்லை என்று கண்டு
சும்மா தலையைச் சொறிந்தது.

ராத்திரி, நடு ஏரியில், லூன் பறவை கத்தியது.
அதைக் கேட்டிராதவர்கள்
யாரோ பெண் அலறுகிறாள் என்றே நினைப்பார்கள்.
வெர்லா எழுந்து உட்கார்ந்தாள்.
கண் மூடியே இருந்தது.
எனக்குப் பழக்கமில்லாத
ஏற்ற இறக்கமற்ற குரலில் கேட்டாள்:

எங்கே இருக்கிறீர்கள்?

எழுப்பலாமா என்று யோசித்தேன்.
பதினேழாம் எண் இடம், என்றேன்.
தண்ணீர்க் குழாய்க்கு மேற்கே.

யாருக்காவது அடிபட்டிருக்கிறதா?

பெரிதாக இல்லை. ஒரு நகம் கறுத்திருக்கிறது.

மூச்சு இருக்கிறதா?

கவனித்துக் கேட்டேன்.
கூடாரத் துணி லேசாக உப்பி, அடங்கியது.
பதினாறில் ஒரு குழந்தை இருமிவிட்டுத் தூங்கிப்போனது.
இருக்கிறது, என்றேன்.
சீராக.

லைனிலேயே இருங்கள்.

சொல்லிவிட்டுச் சாய்ந்தாள்,
வெட்டிய மரம்போலச் சாயவில்லை,
நின்று, யோசித்து, மெதுவாக.
நான் லைனிலேயே இருந்தேன்.
இத்தனை வருஷத்தில்
யாரும் அவளிடம்
பின்பாதியைச் சொன்னதில்லை.
எனக்கும் சொல்லத் தெரியவில்லை. விழித்திருந்தேன், அவ்வளவுதான்.
துணிச்சுவர் கறுப்பிலிருந்து சாம்பலாகி
சாம்பலிலிருந்து பச்சையாகும்வரை.

காலையில் அவளுக்கு எதுவும் நினைவில்லை.
காப்பி பொங்கும்போது கேட்டாள்:
ராத்திரி ஏதோ சத்தம் கேட்டதே?

ரக்கூன், என்றேன்.
பொய்யுமில்லை.
மிச்சச் சோற்றை வழித்துத் தின்றுவிட்டு
வெள்ளித்தாளில் அது விட்டுப்போயிருந்தது
துவையல் தோய்ந்த ஒரு சின்னக் கைத்தடம்,
ஐந்து விரலோடு.

பாவம், காரம், என்றாள் வெர்லா.
பாதிக் காப்பியை முளைக்கல்மேல் வைத்துவிட்டு
துண்டுகூட எடுக்காமல்
ஏரிக்குள் நடந்தாள்.